கஸ்தூரி மணமும் நம் மூக்கும்: வாசகர் கேள்வி – பதில்

அத்தர், புனுகு, ஜவ்வாது, கஸ்தூரி என்று மஸ்க் வகை மணங்கள் குறித்துக் காவிரிப் படுகை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். பல கடிதங்களில் ஒரே குறைதான்: "வீட்டில் எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை." அதிலிருந்தே தொடங்குவோம்.

நாகூர் கந்தூரிக்குப் போனபோது தர்கா கடைத்தெருவில் ‘ஒயிட் மஸ்க்’ அத்தர் 6 மில்லி குப்பி வாங்கினேன். மனைவியும் மகளும் கமகமக்கிறது என்கிறார்கள். எனக்குக் குப்பியை மூக்கடியில் வைத்தாலும் லேசான எண்ணெய் வாடைதான். கடையில் ஏமாந்துவிட்டேனா, என் மூக்கு கெட்டுவிட்டதா?
— வாசகர், திருமருகல்

இரண்டும் இல்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். மற்ற இருவருக்கும் மணம் தெரிகிறது என்றால் குப்பியில் சரக்கு இருக்கிறது. கிராம்பும் மல்லிகையும் காப்பியும் உங்களுக்கு வழக்கம்போல் மணக்கின்றன என்றால் மூக்கும் நன்றாகவே இருக்கிறது. மற்ற மணங்களெல்லாம் தெரிந்து, குறிப்பிட்ட ஒன்று மட்டும் தெரியாமல் போகும் நிலை இது. நோய் அல்ல. மஸ்க் வகையில் இப்படி நேர்வது சகஜம்.

மனித மூக்கில் வேலை செய்யும் மண ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. ஏற்பி என்பது மண மூலக்கூறைப் பிடித்து நரம்புக்குச் சேதி சொல்லும் புரதம். ரோஜா மணத்தில் பல மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் பல ஏற்பிகளைத் தொடும். மஸ்க் மூலக்கூறுகள் அப்படியல்ல. அவை மிகச் சில ஏற்பிகளையே நம்பியிருக்கின்றன. பல மடைகளில் தண்ணீர் பாயும் வயலில் ஒரு மடை அடைபட்டால் பயிருக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றை மடை வயலில் அதுவே அடைபட்டால் வயல் காயும். உங்கள் மூக்கில் நடந்திருப்பது இந்த இரண்டாவது வகை.

இது பரம்பரையாக வருவது என்று 1973ஆம் ஆண்டிலேயே விஸ்ஸல்-பியூச்சி, அமூர் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பென்டடெக்கனோலைடு என்ற மஸ்க் பொருளைக் குடும்பம் குடும்பமாக முகரவைத்துப் பார்த்ததில், அதை உணராத தன்மை ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்று தெரிந்தது. அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வடிவம் வந்தால்தான் மணம் தெரியாது. உங்களுக்குத் தெரியாத மணம் உங்கள் மகளுக்குத் தெரிவதில் வியப்பில்லை. மனைவி வழியாக வந்த ஒரு நல்ல பிரதி போதும்.

இன்றைய ‘ஒயிட் மஸ்க்’ அத்தர்களில் பெரும்பாலும் சேருவது காலக்சோலைடு என்ற செயற்கைப் பொருள். 1960களில் அமெரிக்காவில் உருவானது. சீனாவில் சுமார் 1000 பேரை முகரவைத்து அவர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஆய்வில், காலக்சோலைடு ஒருவருக்கு எவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது என்பது ஓஆர்4டி6 என்ற ஒரே ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளோடு ஒட்டிப்போனது. ஒருவருக்கு நெடியாக ஏறுவது இன்னொருவருக்கு வெறும் எண்ணெயாக இருப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, உங்கள் மூக்கை அளவுகோலாக வைத்து இந்த அத்தரைப் பூசாதீர்கள். தெரியவில்லையே என்று மேலும் மேலும் தடவிக்கொண்டு, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி வரவைப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில் உள்ளவர்களே. மணிக்கட்டில் குச்சியால் ஒரு தொடுதல் போதும். போதுமா என்று மகளைக் கேளுங்கள். இரண்டாவது, அடுத்த முறை கடையில் வேறு இரண்டு மூன்று மஸ்க் வகைகளைத் தனித்தனிக் காகிதக் கீற்றில் தொட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்து மஸ்க்கை உணராதவர் வேறு குடும்பத்து மஸ்க்கை நன்றாகவே உணரக்கூடும். கைதேர்ந்த வாசனைக் கலவைக்காரர்கள் ஒரே கலவையில் இரண்டு மூன்று வகை மஸ்க்கைச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: எவர் மூக்கிலும் ஏதாவது ஒன்று விழ வேண்டும்.

பிளஸ் டூ மாணவர்களுக்குக் கரிம வேதியியல் எடுக்கிறேன். மஸ்க் என்ற ஒரே மணத்தைத் தரும் பொருள்களின் அமைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருக்கின்றனவே, மூக்கு எப்படி அவற்றை ஒன்றாகக் காண்கிறது? மூலக்கூறு மூளைக்குச் சேதியாகும் வழியையும் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.
— ஓர் ஆசிரியை, மன்னார்குடி

வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி, அம்மா.

முதலில் பொருள்கள். கஸ்தூரி மானின் மணப்பொருளிலிருந்து மஸ்கோனை 1906இல் வால்பாம் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை 1926இல் கண்டு சொன்னவர் ருஜிச்கா: 15 கார்பன் கொண்ட வளையம், அதில் ஒரு கீட்டோன், மூன்றாம் கார்பனில் ஒரு மெத்தில். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய வளையம் இழுவிசை தாங்காமல் உடைந்துவிடும் என்றுதான் பேயரின் கொள்கை வழியே நம்பினார்கள். அந்த நம்பிக்கை இங்கே உடைந்தது. பெரிய வளையங்களைப் பற்றிய பணிக்கும் டெர்பீன் பணிக்குமாக 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ருஜிச்காவுக்குப் பங்கு கிடைத்தது. மாணவர்களுக்குச் சொல்ல இன்னொரு நல்ல செய்தி: வளையக் கீட்டோன்களில் கார்பன் எண்ணிக்கை கூடக் கூட மணமே மாறும். 10 முதல் 12 வரை கற்பூர வாடை, 13இல் மரவாடை, 14 முதல் 18 வரை மஸ்க். அதற்கு மேல் மங்கிவிடும்.

இது ஒரு குடும்பம். பெருவளைய மஸ்க் என்பார்கள். இரண்டாவது நைட்ரோ மஸ்க்: 1888இல் ஆல்பர்ட் பௌர், டிஎன்டி போன்ற வெடிபொருள்களில் வேலை செய்துகொண்டிருந்தபோது எதிர்பாராமல் கிடைத்தது. பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதிகள். மஸ்கோனோடு ஒரு ஜாடையும் இல்லை. மூன்றாவது, வளையங்கள் ஒட்டிய காலக்சோலைடு வகை. நான்காவது, ஹெல்வெட்டோலைடு போன்ற வளைந்த சங்கிலி அமைப்புகள். நான்குக்கும் பொதுவாக இருப்பவை பருமனும், நீரை ஒதுக்கும் தன்மையும், ஒரு ஓரத்தில் மின்முனைவுள்ள ஒரு தொகுதியும்.

விடை ஏற்பியில் இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2014இல் எலிகளில் மஸ்கோனுக்கு விழிக்கும் ஏற்பியைக் கண்டது. அதற்கு இணையான மனித ஏற்பி ஓஆர்5ஏஎன்1. அது பெருவளையக் கீட்டோன்களையும் சில நைட்ரோ மஸ்க்குகளையும் பிடிக்கிறது. பிறகு 2022இல் ஓஆர்5ஏ2 என்ற ஏற்பி நான்கு குடும்பங்களுக்கும் விடையளிப்பதாகத் தெரியவந்தது. ஆக, மூக்கு மூலக்கூறின் வரைபடத்தைப் படிப்பதில்லை. ஏற்பியின் குழிக்குள் பொருந்தி அதைத் தூண்டினால், பென்சீன் ஆனாலும் பெருவளையம் ஆனாலும் மூளைக்குப் போகும் சேதி ஒன்றே.

இனி வழி. மூக்கின் கூரையில் சில சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு மணத் திசு இருக்கிறது. சாதாரண மூச்சில் காற்றின் சிறு பங்குதான் அங்கே ஏறும்; உறிஞ்சி முகரும்போது அது கூடும். அங்கே சளிப்படலத்தில் கரைந்த மூலக்கூறு, நரம்பணுவின் நுண்மயிர்களில் உள்ள ஏற்பியைச் சேர்கிறது. ஒரு நரம்பணுவில் ஒரு வகை ஏற்பிதான். ஏற்பி தூண்டப்பட்டதும் ஜி-புரதம், அதன்பின் அடினைலேட் சைக்லேஸ் நொதி. அந்த நொதி, அணுவுக்குள் சேதி கடத்தும் வளைய ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைப் பெருக்குகிறது. வளைய ஏஎம்பி போய் அயனி வாயிலைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே வருகின்றன. கால்சியம் குளோரைடு வாயிலைத் திறக்க, குளோரைடு வெளியேறுகிறது. மின் துடிப்பு பிறக்கிறது. அது நரம்பிழை வழியே சல்லடை எலும்பின் துளைகளைக் கடந்து மூளையின் நுகர்ச்சிக் குமிழுக்குப் போகிறது. ஒரே ஏற்பி கொண்ட அணுக்களின் இழைகளெல்லாம் அங்கே குறிப்பிட்ட சில முடிச்சுகளில் கூடுகின்றன. ஏற்பி மரபணுக்களின் இந்தப் பெருங்குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் கிடைத்தது.

மஸ்கோன் எலியின் குமிழில் விரல்விட்டு எண்ணத்தக்க முடிச்சுகளையே தூண்டுகிறது. அந்தப் பகுதியை அகற்றிய எலிகளால் மஸ்கோனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. மஸ்க்கை உணரும் பாதை எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கஸ்தூரியும் புனுகும் ஒன்றா? கூறைநாடு புனுகீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. அசல் கஸ்தூரி தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

வாங்கக் கூடாது. இதில் மறுபேச்சே வேண்டாம்.

கஸ்தூரி இமயமலைப் பக்கத்துக் கஸ்தூரி மானில், அதுவும் ஆண் மானில் மட்டும், தொப்புளுக்குக் கீழ் உள்ள பையில் ஊறுவது. ஒரு பையில் சுமார் 25 கிராம் இருக்கும். அதில் மஸ்கோன் 100க்கு ஒன்று, இரண்டு பங்குதான். காட்டில் அதை எடுப்பதற்காக மானைக் கொன்றுவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். தெருவில் ‘அசல்’ என்று வருவது பெரும்பாலும் போலி. போலியாக இல்லாவிட்டால் அது ஒரு மானின் உயிர்.

புனுகு வேறு. புனுகுப்பூனையின் வால் அடிப் பகுதிச் சுரப்பியில் ஆண், பெண் இரண்டிலும் ஊறும் பசை அது. அதன் மஸ்க் மூலக்கூறு சிவெட்டோன், 17 கார்பன் வளையம். மஸ்கோனின் நெருங்கிய உறவு. ஆகவேதான் இரண்டும் மூக்குக்கு ஒரே இனமாகத் தெரிகின்றன. ஆனால் புனுகில் ஸ்கேடோல், இண்டோல் இரண்டும் உண்டு. பச்சைப் புனுகை நேரே முகர்ந்தால் மலவாடை அடிப்பது அவற்றால். வெகுவாக நீர்த்ததும் அந்த வாடை பின்னுக்குப் போய் இனிமை மேலெழும். மல்லிகை மணத்திலும் சிறிது இண்டோல் இருக்கிறது. அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புனுகுப்பூனையும் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. பூஜைக்கு வேண்டும் என்றால் செயற்கைச் சிவெட்டோன் கலந்த புனுகுக் கலவை கிடைக்கிறது. மூலக்கூறு ஒன்றேதான், மூக்கின் ஏற்பிக்குப் பேதம் தெரியாது.

மஸ்க் எனக்குத் தெரிகிறதா இல்லையா என்பதை வீட்டிலேயே நம்பகமாகச் சோதிக்க முடியுமா?
— வாசகர், கும்பகோணம்

முடியும். ஆனால் கடை அத்தரை வைத்துச் சோதிக்காதீர்கள். அதில் சந்தனம், மலர் மணங்கள் கலந்திருக்கும். நீங்கள் உணர்வது எது என்று தெரியாமல் போகும். ஒற்றைப் பொருள் வேண்டும். வாசனைப் பொருள் விற்பவர்களிடம் எத்திலீன் பிராசிலேட் (பெருவளைய வகை), காலக்சோலைடு இரண்டிலும் 10 கிராம் வாங்கினால் தாராளம். காலக்சோலைடு தனியாகத் தேன்போல் கெட்டி என்பதால் பெரும்பாலும் 50 விழுக்காட்டுக் கரைசலாகவே வரும். குப்பிச் சீட்டைப் பாருங்கள். கரைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட், சுருக்கமாக ஐபிஎம். கிட்டத்தட்ட மணமற்றது. ஸ்பிரிட் வேண்டாம், அதன் நெடி முதல் நிமிடத்தைக் கெடுத்துவிடும்.

எத்திலீன் பிராசிலேட் 1 கிராமுக்கு ஐபிஎம் 9 கிராம். காலக்சோலைடு 50 விழுக்காட்டுக் கரைசல் என்றால் 2 கிராமுக்கு 8 கிராம். இரண்டுமே 10 விழுக்காடு ஆகிவிடும். சொட்டுக் கணக்கு உதவாது, கெட்டித் திரவத்தின் சொட்டு பெரியது. நகைக்கடைகளில் வைத்திருக்கும் சிறு மின்தராசில் நிறுத்துக் கலக்குங்கள்.

தடித்த வடிதாளை 1 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்குங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று கீற்று. ஒன்றின் நுனியை மஸ்க் கரைசலிலும் மற்ற இரண்டை வெறும் ஐபிஎம்மிலும் அரை சென்டிமீட்டர் தோய்க்க வேண்டும். மூன்றிலும் எண்ணெய்க்கறை இருப்பதால் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. தோய்ப்பவர் வேறு ஆள். அவர் மறுமுனையில் ஏதாவது எண்களை எழுதி, எது எதென்று தனியே குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் கண்ணை மூடி, கீற்றை மூக்கிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று குட்டி உறிஞ்சல்களில் முகர்ந்து, மூன்றில் எது வேறு என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று நிமிட இடைவெளி. இப்படி ஆறு சுற்று.

குருட்டாம்போக்கில் ஒரு சுற்று சரியாக விழ மூன்றில் ஒரு வாய்ப்பு. ஆறும் சரியாக விழ 729இல் ஒன்று. ஐந்தோ அதற்கு மேலோ விழ 729இல் 13, அதாவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே ஐந்து சரி என்றால் உங்களுக்குத் தெரிகிறது என்று கொள்ளலாம். நான்கு என்றால் முடிவு சொல்லாதீர்கள். 10 விழுக்காடு வாய்ப்பு தற்செயலுக்கே உண்டு. வேறொரு நாள் மறுபடி செய்யுங்கள். கடைசியில் கிராம்பெண்ணெய் வைத்தும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் பிரச்சினை மஸ்க் சம்பந்தப்பட்டதே அல்ல.

சோதனை பாழாவது பெரும்பாலும் சோப்பால். துணி சோப்புத்தூள், துணி மென்மையூட்டி, குளியல் சோப்பு எல்லாவற்றிலும் காலக்சோலைடு வகை மஸ்க் சேர்க்கிறார்கள். நீரில் கரையாமல் துணி இழையில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகவே சேர்ப்பது. துவைத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு மஸ்க் சோதனை செய்தால், உங்கள் மூக்கு ஏற்கெனவே மஸ்க்கில் தோய்ந்துதான் இருக்கும். தோய்ப்பவர் கையுறை போடட்டும். முகர்பவர் அன்று வாசனைச் சோப்பு, வெற்றிலை, புகையிலை மூன்றையும் தவிர்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். மார்கழிக் காலைக் குளிரைவிட நடுப்பகல் நல்லது; சூட்டில்தான் இந்தக் கனத்த மூலக்கூறுகள் எழும்பும்.

மஸ்க் பூசிய பத்து நிமிடத்தில் மணம் போய்விடுகிறது. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது மறுபடி அடிக்கிறது. ஏன்? காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியுமா?
— வாசகர், திருவாரூர்

மணம் போகவில்லை, மூக்கு பழகிவிட்டது. மன்னார்குடி ஆசிரியைக்கான பதிலில் சொன்ன கால்சியமே உள்ளே வந்ததும் கால்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து அயனி வாயிலை மந்தப்படுத்துகிறது. மாறாத சேதியை மூளையும் ஒதுக்கத் தொடங்குகிறது. மஸ்க் எடை மிகுந்த பொருள்: மஸ்கோனின் மூலக்கூறு எடை 238, காலக்சோலைடு 258. ஏறக்குறைய 300ஐத் தாண்டினால் ஆவியாகி மூக்குக்கு வருவதே அரிது. அந்த விளிம்பில் நிற்பவை இவை. வாசனை அரிசிகளின் மணத்துக்கு முக்கியக் காரணமான 2-அசிட்டைல்-1-பைரோலினுக்கு எடை 111தான். உலை கொதித்ததும் தெருக்கோடி வரை போகிறது. மஸ்க்கோ மெல்ல மெல்லச் சீராக வெளியேறுவதால் மூக்குக்குப் பழகிப்போக வசதி. மற்ற மணங்கள் பறந்து முடிந்தபின் சாயங்காலம் சட்டையில் எஞ்சுவது அதுதான்.

காப்பிக்கொட்டை கடைக்காரர்களின் வழக்கம். சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றைவிட அது மேலாக இல்லை. பத்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

கஸ்தூரி மஞ்சளில் கஸ்தூரி மணம் வர என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, பாபநாசம்

எதுவும் செய்ய முடியாது. அதில் மஸ்க் மூலக்கூறே இல்லை. இருப்பது கற்பூரம் சார்ந்த நல்ல மணம். மஸ்க் வாடை வீசும் மஞ்சள்தூள் கிடைத்தால் யாரோ செயற்கை வாசனை கலந்திருக்கிறார்கள், முகத்தில் பூசாதீர்கள். மஸ்க் அம்ப்ரெட் என்ற பழைய நைட்ரோ மஸ்க், பூசிய தோலில் வெயில் பட்டதும் ஒவ்வாமையை உண்டாக்கியது. வாசனைத் தொழிலே அதைக் கைவிட்டுவிட்டது. மலிவான பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

மூஞ்சூறு ஓடினாலே என் தாயாருக்கு வாடை தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிவதில்லை. எனக்கும் மஸ்க் தெரியாத மூக்கா?
— வாசகர், பட்டுக்கோட்டை

மூஞ்சூறின் விலாப்புறச் சுரப்பியிலிருந்து வருவது அந்த வாடை. மஸ்க் வாடை என்றே பலரும் அதைச் சொன்னாலும், அது தெரியாததை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன கீற்றுச் சோதனையைச் செய்து பாருங்கள்.

மணம் என்பது மூலக்கூறின் அதிர்வு என்றும், மஸ்க்கை வைத்து அது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

நிரூபிக்கப்படவில்லை. இந்தக் கருத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1996இல் லூகா டூரின் புத்துயிர் கொடுத்தார். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனைப் போட்டால் வடிவம் மாறாது, அதிர்வு மாறும். அப்படி மாற்றிய மஸ்க் பொருளை மனிதர்கள் பிரித்தறிந்தார்கள் என்று 2013இல் அவரது குழு வெளியிட்டது. காணொளி சொல்வது இதைத்தான். 2015இல் எரிக் பிளாக்கும் உடன் ஆய்வாளர்களும் மனித ஏற்பியான ஓஆர்5ஏஎன்1ஐயே எடுத்து, டியூட்டீரியம் ஏற்றிய மஸ்கோனையும் ஏற்றாததையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்பி இரண்டுக்கும் ஒரேபோல விடையளித்தது. மனிதர்களை வைத்துச் சோதிக்கும்போது பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கைவிடக் குறைவான அசுத்தம் இருந்தாலே மணம் மாறிவிடும். ஏற்பியை வைத்துச் செய்த சோதனையை அதனால் நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

மஸ்க் பூசினால் எதிர்பாலரை ஈர்க்கும் என்கிறார்களே?
— பெயர் வேண்டாம், வேதாரண்யம்

மானுக்கு அது இனச்சேர்க்கைக் காலத்துச் சேதி. மனிதரில் அப்படி ஒரு வேலை செய்வதாகச் சான்று இல்லை. விலங்குகளில் இவ்வகைச் சேதிகளைப் பிடிக்கும் தனி மூக்குறுப்பு மனிதரில் வேலை செய்வதில்லை. 1952இல் லெ மான்யென் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பென்டடெக்கனோலைடைப் பருவமடைந்த பெண்கள் ஆண்களைவிட நன்றாக உணர்கிறார்கள் என்று எழுதினார். அதை நீட்டி முழக்கியே விளம்பரங்கள் பிறந்தன. உணர்வது வேறு, ஈர்க்கப்படுவது வேறு.

காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மாதமாக எனக்கு எந்த மணமும் இல்லை. மஸ்க், மல்லி, கருவாடு எதுவும். தலைவலித் தைலம் மட்டும் மூக்கில் ஏறுகிறது. முகர்ந்து பழகினால் திரும்புமா?
— வாசகி, நாகப்பட்டினம்

உங்கள் நிலை மேலே சொன்னவர்களுடையது அல்ல, அம்மா. இது முழு நுகர்விழப்பு. தைலம் ‘ஏறுவது’ மணம் அல்ல. முகத்து உணர்வு நரம்பு உணரும் குளிர்ச்சியும் எரிச்சலும். அதை வைத்து மூக்கு வேலை செய்கிறது என்று எண்ண வேண்டாம். முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, ரத்தம், தண்ணீர் போன்ற ஒழுக்கு, தலையில் அடிபட்ட பிறகு வந்த இழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

மருத்துவர் பார்த்தபின் மணப்பயிற்சி பலருக்கு உதவுகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை அது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு எண்ணெய்கள். தனித்தனிப் பழுப்புக் குப்பியில் பஞ்சு வைத்துச் சில சொட்டு விடுங்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி மென்மையாக முகர வேண்டும். அப்போது அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயலுங்கள். காலையும் இரவும், குறைந்தது 12 வாரம். பலர் மூன்றாம் வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மண நரம்பணுக்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளவே ஓரிரு மாதம் ஆகும். மஸ்க்கை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். நலமான மூக்கிலேயே பலருக்குத் தெரியாத மணம். முன்னேற்றத்தை அதை வைத்து அளக்க முடியாது.

அதுவரை சமையல் எரிவாயுக் கசிவு உங்களுக்குத் தெரியாது. இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவதை வழக்கமாக்குங்கள். பாலையும் பழைய குழம்பையும் வீட்டில் வேறொருவர் முகர்ந்து சொல்லட்டும்.

வரப்போரம் கஸ்தூரி வெண்டை போட்டேன். காய் நன்றாகப் பிடித்தது, விதை மணக்கவில்லை. மாவாக அரைத்துப் பார்த்தும் பயனில்லை.
— விவசாயி, திருத்துறைப்பூண்டி

அரைத்ததுதான் தவறு, ஐயா. மணம் விதையின் மேல்தோலில் இருக்கிறது. அங்குள்ள அம்ப்ரெட்டோலைடு 17 அணு வளையம் கொண்ட பெருவளைய மஸ்க். செடியிலிருந்து கிடைக்கும் அருமையான மஸ்க் இது. உள்ளே பருப்பில் இருப்பது கொழுப்பெண்ணெய். அரைத்தால் அந்தக் கொழுப்பு மேலேறி மணத்தை அமுக்கி, சில நாளில் சிக்குவாடையும் பிடிக்கும். முழு விதை பத்துப் பதினைந்தை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து உடனே முகருங்கள். கைச்சூட்டில் மணம் எழும்.

அப்போதும் இல்லை என்றால் விதையைப் பாருங்கள். அசல் விதை 3, 4 மில்லிமீட்டர் அளவில் சிறுநீரக வடிவில் சாம்பல் கலந்த பழுப்பாக, மேலே நெருங்கிய வளைகோடுகளோடு இருக்கும். பூ மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. காட்டு வெண்டை இனங்கள் சில பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். காயைப் பச்சையாகப் பறித்திருந்தாலும் மணம் தேறாது. காய் கருத்துக் காய்ந்து, வெடிப்பதற்குச் சற்று முன்னர் பறிக்க வேண்டும்; வெடித்தால் விதை வரப்பில் கொட்டிவிடும். காயின் சுணை கையில் குத்தி அரிக்கும் என்பதால் கையுறை அவசியம். நிழலில் உலர்த்துங்கள்.

இன்னொரு வழியையும் மறக்க வேண்டாம்: தேய்த்த விதையை வீட்டில் நாலு பேரிடம் கொடுத்து முகரச் சொல்லுங்கள். அவர்களில் யாருக்காவது மணம் தெரிந்தால் உங்கள் விதை நல்ல விதை. விலை பேசும்போது அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.